அப்பத்தா கேட்டார்கள், "இது யாருடா?"

கானாடுகாத்தான் வீட்டுக் கூடமான பட்டாலையில் மாட்டியிருந்த அந்தப் படம், அப்பத்தாவின் மாமனார் மாமியாருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது எடுத்தது. பின்பக்கம் பென்சிலில் 1962 என்று இருக்கிறது. ஆறுக்கு நாலு அங்குலம்தான். முன்னோரைக் கும்பிடும் படைப்பு வருவதற்குள் அதைப் பெரிதாக்கி மாட்டிவிட வேண்டும் என்று அப்பத்தா உத்தரவு.

சட்டத்தைக் கழற்றினால், மேல்மூலை கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. பழைய படங்களின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் ஏறினால் இளகிப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் உருவமும் சேர்ந்து வந்துவிடும். அதனால் கண்ணாடியோடே காரைக்குடிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு கடையில் ஸ்கேன் செய்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். ஒரே மங்கல். மெல்லிய ஸ்கேனர்களில் பல, தகட்டை ஒட்டிக் கிடப்பதைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். நடுவில் கண்ணாடி வந்தால் போச்சு. போதாததற்கு வாட்ஸப் வேறு படத்தைச் சுருக்கிவிட்டிருந்தது.

சரி, கேமராவிலேயே எடுப்போம் என்று வளவு முற்றத்தில் வெயில் நேராக விழாத தூணோரம் வைத்தேன். கருமையான இடங்களில் படத்திலுள்ள வெள்ளி மேலேறி நீலமாக மின்னியது. வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி திருப்பி, கேமராவுக்குப் பின்னால் சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டியைத் தொங்கவிட்டதும் அடங்கியது. 6000-க்கு 4000 பிக்சல் கிடைத்தது. 24-க்கு 16 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 250 பிக்சல். சுவரில் மாட்டுகிற படத்துக்குத் தாராளம்.

கறை, கீறலெல்லாம் ஜிம்ப்பில் நீக்கினேன். இலவச மென்பொருள்தான். மூலப்படத்தைத் தொடாமல், அதன்மேல் தனி அடுக்காக விரிக்கும் லேயரில் ஒட்டுப்போட வேண்டும். தப்பினால் அதை மட்டும் அழித்துக்கொள்ளலாம். அப்பத்தாவின் மாமியார் நெற்றியைப் பூச்சி அரித்திருந்தது. அதற்கு மட்டும் இரண்டு ராத்திரி.

முகம் இன்னும் தெளியட்டுமே என்று ஜிஎஃப்பிகான் என்ற ஏஐ கருவியில் போட்டேன். 2021-இல் வந்தது. சில நொடியில் கண்ணிமை, பல்வரிசை எல்லாம் பளிச்! எனக்கே பெருமை தாங்கவில்லை. அப்பத்தாவிடம் காட்டினேன்.

"இது யாருடா?"

"உங்க அயித்தைதான் அப்பத்தா."

"போடா. எங்க அயித்தைக்கு இடது கண்ணு சிறுத்து இருக்கும்ல. இவ சீரியல்ல வாரவ மாதிரி இருக்கா."

பழைய படத்தோடு வைத்துப் பார்த்தேன். நிஜம்தான். அந்தக் கருவி இருக்கிற முகத்தைத் துடைப்பதில்லை. ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில், இல்லாததைத் தானே வரைகிறது. இரண்டு கண்ணையும் சமமாக்கிவிட்டது. இன்னொரு பெரிதாக்கும் கருவி எங்கள் பக்கத்துத் தாலியான கழுத்திருவைக் கம்பளிப்பூச்சி ஆக்கியது. இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு, கையால் துடைத்த படத்துக்கே திரும்பினேன். முகம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அவர்கள் முகம். ஒட்டுப்போட்ட இடம் பிளாஸ்டிக் மாதிரி தெரியாமலிருக்கக் கடைசியில் லேசாகப் புள்ளியும் தூவினேன்.

முதலில் ஏ4-இல் ஒரு மாதிரி அச்சுப் போட்டுப் பார்த்தது நல்லதாயிற்று. திரையில் தெரிந்ததைவிட இருட்டாக வந்தது. வெளிச்சத்தைக் கூட்டி, மினுக்காத தாளில் பெரிய பிரதி எடுத்தேன். பழைய படம் கண்ணாடியோடு துணியில் சுற்றிப் பெட்டகத்துக்குள் போய்விட்டது.

மாட்டிய அன்று அப்பத்தா ரொம்ப நேரம் நின்று பார்த்தார்கள். அப்புறம் சந்தனத்தைக் குழைத்து, நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து சரிசெய்த அதே நெற்றியில், கண்ணாடிக்கு மேல் பெரிதாக அப்பிக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள்.