விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி

தாலுகா நீதிமன்றங்களில் உதவி அரசு வழக்கறிஞராக இருந்த காலம் முழுவதும் ஊர்க்காரர்கள் என்னை இரண்டு பெயர்களில்தான் அறிந்திருந்தார்கள். அடிபட்டவர்களுக்கு நான் ‘எங்க வக்கீல்’, அடித்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கு ‘போலீஸ் வக்கீல்’. நான் அரசின் சார்பில் வழக்கு நடத்தியவன் என்பதால் இரண்டுமே பிழை என்றாலும், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. முன்பு கீழ்நிலை நீதிமன்றங்களில் காவல்துறையினரே வழக்கு நடத்திய வழக்கம் இருந்தது; 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆவது பிரிவுதான் காவல் அதிகாரியை அந்தப் பதவியில் நியமிக்கலாகாது என்பதைப் பொதுவிதியாக்கியது. சட்டம் பிரித்து வைத்ததை ஊர் வழக்கு இன்னும் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வழக்கு நினைவிலிருந்து அகல மறுக்கிறது. வரப்புத் தகராறில் கம்பால் தலையில் அடிபட்ட முதியவர் ஒருவர் முதல் சாட்சி. முதல் தகவல் அறிக்கையில் ஆறு பேர் பெயர் இருந்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் சட்டவிரோதக் கூட்டம் ஆகும்; ஆயுதத்துடன் கலகம் செய்ததற்கான, அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 148ஆவது பிரிவும் நிற்கும். சாட்சி விசாரணையன்று காலையில் வழக்குக் கட்டைப் புரட்டியபோது, அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல் கண்ணில் பட்டது. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள், வேறு யாரும் பேசிக்கொடுப்பதற்கு முன்பு, அவரே மருத்துவரிடம் சொன்ன வார்த்தை அதில் இருந்தது: தெரிந்த நபர்கள் இருவர் கம்பால் தாக்கினார்கள்.

இருவர் எப்படி ஆறு பேரானார்கள் என்பதை யூகிக்கப் பெரிய புலனாய்வு தேவையில்லை. ஒரு பங்காளிக் குடும்பத்தில் ஆண் என்று இருந்த அத்தனை பேரும் வரிசையாக எழுதப்பட்டிருந்தார்கள். அதில் ஒருவர் கல்லூரி முடித்து வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த இளைஞர்.

அந்த வரியைப் பற்றிக் கேட்காமலே மருத்துவரைக் கூண்டிலிருந்து இறக்கியிருக்கலாம். நகல் எதிர்த்தரப்பிடமும் இருந்தது, ஆனால் அதை ஊன்றிப் படித்த அறிகுறி எதுவும் தெரியவில்லை. சாட்சியை அழைத்த தரப்பே கேள்வி கேட்கும் முதல் விசாரணையிலேயே நான் கேட்டேன். மருத்துவர் பதிவேட்டைப் பார்த்து, ‘இருவர்’ என்றார். பின்வரிசையில் நின்ற புலனாய்வு அதிகாரியின் முகம் மாறியது. வெளியே வராந்தாவில், “சார், நம்ம கேஸை நீங்களே உடைச்சிட்டீங்களே” என்றார். வழக்கு அவருடையதுமல்ல, என்னுடையதுமல்ல என்று அந்த வராந்தாவில் விரிவுரை நிகழ்த்த எனக்கு மனம் வரவில்லை. பிணங்கிக்கொண்டால் அடுத்த வழக்கின் சாட்சிகளுக்குச் சம்மன் கொடுக்க அவருடைய நிலையத்துக் காவலர்தானே போக வேண்டும்.

இந்தத் தொழிலின் இக்கட்டே அதுதான். புலனாய்வு காவல்துறையின் வேலை என்பதால், அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டுத்தான் இறுதி அறிக்கையை, அதாவது குற்றப்பத்திரிகையை, தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட முடியாது எனத் தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோ, காவல்துறையின் அந்த அறிக்கையைப் பரிசீலிக்கும் பணியை வழக்குத் தொடர்வுத் துறையின் துணை இயக்குநரிடம் தருகிறது. ஆறு பேர் கொண்ட பட்டியல் தொடக்கத்திலேயே ஒருவர் கண்ணில் பட இனி வழி உண்டாகலாம். பரிசீலனை வெறும் கையெழுத்தாகிவிடாமல் இருக்க வேண்டும்.

இருவருக்குத் தண்டனை, நால்வருக்கு விடுதலை. முதியவரிடம் நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சாட்சி சொல்ல வந்த காலையில், பதிவேட்டில் இப்படி இருக்கிறது, கேட்பார்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று விளக்கக் கால் மணி நேரம் போதும். அன்று பட்டியலில் இருபதுக்கு மேற்பட்ட வழக்குகள் இருந்ததால் அதைச் செய்யவில்லை. அந்தக் குறை என்னுடையது.

சில வாரங்கள் கழித்து, அபராதத்திலிருந்து தமக்குச் சேர வேண்டிய இழப்பீட்டுத் தொகையைப் பெற அவர் வந்தார். விடுதலையானவர்களைப் பற்றி நான் பேச்செடுக்க, “வாய்க்கால்ல தண்ணி அவங்க வயலத் தாண்டித்தானய்யா எனக்கு வரணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, எந்த மேசையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். தலைமை எழுத்தரின் மேசை வரை உடன் சென்றேன்.