வீட்டு ஊசி அல்ல, மர ஊசி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், ஒரு பாடசாலையில் தரம் 10இற்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். தவணைக்கு ஒருமுறை பேச்சுத்திறனுக்குப் புள்ளி போட வேண்டும். வகுப்பில் 38 பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 114 நிமிடம். 40 நிமிடப் பாடவேளைகள் மூன்று அதிலேயே போய்விடும். வெளிநாட்டுப் படிப்புக்காகப் பலர் எடுக்கும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பேச்சுக்கு ஒருவருக்கு 11 முதல் 14 நிமிடம் தருகிறார்கள். தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பொதுப் பரீட்சையின் இரண்டு ஆங்கில வினாத்தாள்களும் எழுதுவதற்கே என்பதால், பேச்சுக்கு மூன்று பாடவேளை ஒதுக்கவும் எங்களுக்கு மனம் வருவதில்லை.

நானும் பல ஆண்டுகள் அவசரமாகத்தான் மதிப்பிட்டேன். பிள்ளையை முன்னால் அழைப்பேன். "உன் பொழுதுபோக்கு என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன். பதில் வராவிட்டால் அடுத்த பெயரை வாசித்துவிடுவேன். அப்படித்தான் ஒரு மாணவிக்கு 20இற்கு 4 போட்டேன். கழுத்துப்பட்டியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். ஒரு சொல் வரவில்லை. விடியும் முன்பே எழுந்து, தகப்பன் வாவியிலிருந்து கொண்டுவரும் வலையில் மீன் கழற்றிவிட்டுப் பாடசாலைக்கு வருகிற பிள்ளை. அவளிடம் போய்ப் பொழுதுபோக்கைக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த தவணை கேள்வியை மாற்றினேன். வீட்டில் நடக்கும் ஒரு வேலையைப் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்க வேண்டும். கேட்பவர் இரண்டு கேள்வியாவது கேட்க வேண்டும். யோசிக்க இரண்டு நிமிடம் கொடுத்தேன். மேசையில் கைத்தொலைபேசியை வைத்துப் பதிவு செய்தேன்.

"கிராப் பைட். நெட் புரோக்கன். மை பாதர் சிட், சோ" என்றாள் அவள். நண்டு கடித்து வலை கிழிந்தது, அப்பா இருந்து தைக்கிறார் என்கிறாள்.

"வித் வாட்?" எதால் என்று தோழி கேட்டாள்.

பதிவில் அந்த இடத்தில் ஒன்பது விநாடி மௌனம். பிறகு, "நீடில். நாட் ஹவுஸ் நீடில். வுட் நீடில்."

வலை பொத்தும் ஊசிக்கு ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியாது. தெரிந்த சொற்களை வைத்தே அதைத் தோழியின் கண்முன் கொண்டுவந்துவிட்டாள். முன்பு நான் அடுத்த பெயரை வாசித்தது இப்படியான ஒன்பது விநாடிக்குள்தான் என்பதை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

அதே பதிவைச் சக ஆசிரியை ஒருவரும் தனியாகக் கேட்டுப் புள்ளியிட்டார். நான் 13 போட்டிருந்தேன், அவர் 6. இலக்கணப் பிழையோடு, 'ஃபாதர்' 'பாதர்' ஆனதற்கும் குறைத்திருந்தார். தமிழ்ப் பிள்ளையின் நாவில் அந்த ஒலி எளிதில் வராது. தோழிக்கு விளங்கியதா என்பதே என் கேள்வி. அவரோ, கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வில் விளங்குமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஐஈஎல்டிஎஸ்ஸில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம எடை. நாங்களும் நான்குக்கும் ஐந்தைந்து புள்ளி என்று பிரித்துக்கொண்டோம். உச்சரிப்பில், விளங்காமல் போன சொல்லுக்கு மட்டுமே குறைப்பது என்று முடிவானது. இப்போது புள்ளியிடத் தொடங்குமுன் மூன்று பதிவுகளை இருவரும் சேர்ந்து கேட்கிறோம். இடைவெளி இரண்டு, மூன்று புள்ளிக்குள் வந்திருக்கிறது.

இந்தத் தவணை ஒரு மாணவன், யோசிக்கக் கொடுத்த இரண்டு நிமிடம் முடிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. அவனுடைய கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். வியாழக்கிழமை, அவன் தினமும் சைக்கிளில் ஏற்றிவரும் நண்பனோடு அவனை அமர்த்தப் போகிறேன்.