ஆப்சென்ட் லிஸ்ட்ல ஒரு ஊரைப் படிச்ச அனுபவம்

கரீபியன் கடல்ல இருக்கற ஹைத்தில வேலை பார்த்தேன்னு சொன்னதும் நம்ம ஆளுங்க கேக்குறது ரெண்டே விஷயம்தான், 2010 பூகம்பம், இல்லாட்டி துப்பாக்கி தூக்கின கும்பல். ரெண்டுமே பெரும்பாலும் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் பக்கத்து சமாச்சாரம். நான் இருந்தது வடக்குக் கடற்கரைல கேப் ஹைத்தியன், அந்த ஊர்க்காரங்க வாயில வெறும் ஓகாப். அங்கருந்து கிழக்கால மெயின் ரோட்டைப் புடிச்சுப் போனா கராகோல் இண்டஸ்ட்ரியல் பார்க், 2012 அக்டோபர்ல திறந்தது. அதுல ஒரு கார்மென்ட்ஸ் யூனிட்ல ஐ.ஈ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) வேலை, அதாவது எந்த ஆபரேஷனுக்கு எத்தனை செகண்டு ஆகும், எந்த லைன்ல எத்தனை டைலர் வேணும், மணிக்கு எத்தனை பீஸ் வரணும்னு கணக்குப் போடுறவன். திருப்பூர்ல பவர் டேபிள்ல, அதாவது மோட்டார் தையல் மெஷின் போட்ட யூனிட்ல, கத்துக்கிட்ட தொழில் அங்க வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு.

ஏன் ஹைத்திலன்னா, அங்க தைச்ச துணி அமெரிக்காவுக்குள்ள வரி இல்லாம போகலாம்னு 2006லயும் 2008லயும் ஹோப்னு சட்டம் போட்டாங்க, 2010ல ஹெல்ப்னு இன்னொண்ணு. மொத்த தொழிலும் நின்னது அந்தச் சட்டத்து மேலதான். டி-ஷர்ட், ட்ராக் பேன்ட், ஆஸ்பத்திரி ஆளுங்க போடுற ஸ்க்ரப்ஸ்னு சிம்பிள் ஸ்டைல், பெரிய குவான்டிட்டி. மெஷின் எல்லாம் ஊர் உலகத்துல எங்க போனாலும் ஒண்ணுதான், ஓவர்லாக், ஃப்ளாட்லாக், சிங்கிள் நீடில், அதுல புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

காலைல முதல் வேலை ஆப்சென்ட் லிஸ்ட். ஒரு லைன்ல முக்கியமான ஆபரேட்டர் ரெண்டு பேர் வரலைன்னா அன்னைக்கு டார்கெட் போச்சு. வெளிநாட்டுலருந்து வந்த மேனேஜர்ங்க நிறைய பேருக்கு ஒரே விளக்கம், சோம்பேறித்தனம், பொறுப்பில்ல. இத கேக்கக் கேக்க எனக்குக் கோபம் வரும், ஏன்னா அந்த லிஸ்ட்டை ஊர் பேரோடயும் தேதியோடயும் சேத்து வச்சுப் பார்த்தா அந்த ஜில்லாவே அதுல இருக்கு, எங்க காய்ச்சல், எங்க திருவிழா, யார் வீட்ல சாவு, எந்த ரோட்டுல டயர் எரிச்சு மறியல்னு எல்லாம் தெரியும். வராதவங்களுக்குக் காரணம் இருக்கு, நாம கேக்கறதில்ல, அவ்வளவுதான்.

ஜூலை மாசத்தை எடுத்துக்குவோம். ஜூலை 25 பிளேன்-டு-நோர்ங்கற ஊர்ல சான் ஜாக் திருவிழா, கிறிஸ்தவக் கணக்குல அவர் புனித யாக்கோபு, வோடுங்கற ஆப்பிரிக்க வழி வந்த ஹைத்தி சமயத்துல அதே நாள் ஓகுங்கற இரும்புக்கும் போருக்கும் உரிய தெய்வத்துக்கு. அங்க சேத்துக் குளம் ஒண்ணு இருக்கு, அதுல இறங்கி முழுகி எந்திரிக்கறதுக்கு நாடு முழுக்க இருந்தும் வெளிநாட்டுலருந்தும் சனம் வரும், சிவப்பும் நீலமும் உடுத்தி, நேர்த்திக்கடன் வச்சவங்க சேறு பூசிக்கிட்டு. அடுத்த நாள் 26 லிமோனாட்ல சந்த் ஆன் திருவிழா. எங்க பஸ் ஏறி வர்ற பாதி டைலர் லிமோனாட், த்ரூ-டு-நோர், இந்த ஊருங்கதான். கம்பெனி கேலண்டர்ல ரெண்டு நாளும் சிவப்பு எழுத்து கிடையாது. ஆடி பதினெட்டுக்குப் போன டைலர் எப்ப திரும்புவாங்கன்னு திருப்பூர்ல எந்த முதலாளியும் ஆச்சரியப்பட மாட்டாரு, முன்னாடியே ஷிப்மென்ட் தேதியைத் தள்ளி வச்சிருப்பாரு. அதையே இங்கயும் செய்யலாமேன்னு நான் பிளானிங் மீட்டிங்ல கேட்டேன், ஜூலை மூணாவது வாரம் ஓவர்டைம் போட்டு 25, 26ல பாதி லைன் மட்டும் ஓட்டலாம்னு. ஒத்துக்கிட்டாங்க, நல்லாவும் ஓடுச்சு.

ஆனா லிஸ்ட்ல அதிகம் இடம் புடிக்கிறது திருவிழா இல்லீங்க, ஆஸ்பத்திரி. அதுவும் தனக்கு உடம்பு சரியில்லாம வராதவங்களை விட அம்மாவுக்கு, தம்பிக்கு, புள்ளைக்குன்னு வராதவங்கதான் ஜாஸ்தி. ஓகாப்ல பெரிய அரசு ஆஸ்பத்திரி ஜஸ்டினியன், 1890ல ஆரம்பிச்சது, மலைச்சரிவுல தனித்தனி வார்டு கட்டடமா இருக்கும், வடக்கு முழுக்கவும் பெரிய கேஸ்னா அங்கதான், இளம் டாக்டர்ங்க ட்ரெயினிங் எடுக்கறதும் அங்கயே. இருக்கறத வச்சு அந்த டாக்டரும் நர்ஸும் செய்யிற வேலை சாதாரணமில்ல. ஆனா அந்த நாட்டுல அரசு ஆஸ்பத்திரி நடக்குற விதம் ஒண்ணு இருக்கு. டாக்டர் சீட்டு எழுதுவார், ஊசி, கையுறை, ட்ரிப் பாட்டில் எல்லாம் வீட்டாளுதான் வெளி ஃபார்மஸில ஓடி வாங்கிட்டு வரணும், சாப்பாடு, பெட்ஷீட் வீட்டுலருந்து வரணும், ராத்திரி பக்கத்துல ஆள் இருக்கணும். ஒருத்தர் படுத்தா கூடவே சம்பாதிக்கற இன்னொருத்தரும் வேலையை விட்டு நிக்கணும். எங்க ஓவர்லாக் ஆபரேட்டர் ஒருத்தங்க, லைன்ல அவங்கதான் ஸ்பீடு, அவங்க அம்மா படுத்தப்போ வாரக்கணக்குல வரல, அப்புறம் வந்து நின்னப்போ எச்.ஆர்.ல லெட்டர் ரெடியா இருந்துச்சு, சொல்லாம நின்னதுக்கு. நான் போய் பேசினேன், சூப்பர்வைசர் அம்மாவும் பேசினாங்க, கடைசில சேத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் யார் வீட்ல யாரு அட்மிட்னு சூப்பர்வைசர் கேட்டு எழுதி வைக்க ஆரம்பிச்சாங்க, அந்த ஆளுக்கு பதிலா ஃப்ளோட்டர், அதாவது எந்த மெஷின்லயும் உக்காரற மாற்று ஆள், போட்டதால டார்கெட் பெருசா அடி வாங்கல, அந்த ஆபரேட்டருக்கும் வேலை நிலைச்சுது.

சின்ன காய்ச்சலுக்கு யாரும் ஆஸ்பத்திரி போறதில்ல. இலைதான். அசோசின்னு ஒரு கொடி, வேலில படர்ந்து கிடக்கும், காய்ச்சலுக்கு அத கொதிக்க வச்சுக் குடிப்பாங்க, முதல் தடவை பார்த்தப்போ எனக்கு ஒரே சந்தோஷம், நம்ம பாகல் கொடி! முருங்கையும் அங்க உண்டு. மஸ்க்ரெட்டி எண்ணெய்னு கருப்பா ஒண்ணு தலைக்கும் மூட்டு வலிக்கும் தடவுவாங்க, அது ஆமணக்கை வறுத்து இடிச்சுக் காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெய். இலை வைத்தியர் சொல்ற விஷயத்தை கம்பெனி நர்ஸ் சிரிக்காம கேட்டுக்குவாங்க, கேட்டுட்டு, சரி குடி, ஆனா ரெண்டு நாள்ல இறங்கலைன்னா மலேரியா டெஸ்ட் எடுத்தே ஆகணும்பாங்க. அந்த நர்ஸ்கிட்ட அத்தனை பேரும் உண்மையைச் சொன்னதுக்கு அதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

காலரா பத்தி அங்க யார்கிட்ட பேசினாலும் குரல் மாறும். 2010 அக்டோபர்ல வந்துச்சு, ஐ.நா. அமைதிப்படை முகாம்லருந்து ஆர்டிபோனிட் ஆத்துல கலந்த கழிவால பரவினது, கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தாங்க, ஐ.நா. தன் பங்கை ஒத்துக்கவே 2016 ஆச்சு. 2010 நவம்பர்லயே ஓகாப் தெருவுல பெரிய கலவரமே நடந்துச்சு. 2022 அக்டோபர்ல மறுபடி தலை தூக்கினப்போ கேன்டீன் தண்ணி, குளோரின், கை கழுவுற பைப்புன்னு தொழிலாளிங்களே வந்து நின்னு கேட்டாங்க, இத நாங்க ஒரு தடவை பார்த்துட்டோம்னு. அதுக்கு முந்தின வருஷம் டிசம்பர் 14, நடுராத்திரிக்கு மேல ஓகாப்ல பெட்ரோல் டேங்கர் கவுந்து வெடிச்சுது, நாடே எரிபொருள் இல்லாம தவிச்ச நேரம், வாளி தூக்கிட்டு ஓடின சனம். அன்னைக்கே 60 பேருக்கு மேல போயிட்டாங்க, அப்புறமும் எண்ணிக்கை ஏறிட்டே இருந்துச்சு, ஜஸ்டினியன்ல தீக்காயத்துக்கு வேண்டிய சாமானும் ஆளும் பத்தல. அந்த வார லிஸ்ட்டை நான் மேல அனுப்புறப்போ காரணம் எழுதுற கட்டத்துல துக்கம்னு மட்டும் போட்டேன், யாரும் திருப்பிக் கேக்கல.

ஞாயித்துக்கிழமைல டைலர்ங்க சிலபேரு என்னை மீலோ கூட்டிட்டுப் போனாங்க. ஓகாப்லருந்து தெக்கால, மலையடிவாரம். ஹென்றி கிறிஸ்டோஃப்னு அடிமையா இருந்து தளபதியாகி 1811ல ராஜாவானவர் கட்டின சான்-சூசி அரண்மனை அங்க இடிஞ்சு நிக்குது, 1842 பூகம்பத்துல விழுந்தது. மேல சிட்டாடல் கோட்டை, 1805ல ஆரம்பிச்சு 1820 வரைக்கும் கட்டினது, பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்தா நிக்கறதுக்கு. 1982லருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. அதே மீலோவுல சாக்ரே-கேர்னு ஆஸ்பத்திரி, 2010 பூகம்பத்தப்போ 70 சொச்சம் படுக்கைல இருந்தது, ஹெலிகாப்டர்ல அடிபட்டவங்க வர வர டென்ட் போட்டு 400 தாண்டிடுச்சு. ஏறுறப்போ எங்ககூட வந்த அயனிங் (இஸ்திரி) பையன் கோட்டையைக் காட்டி எங்க பாட்டன்மாரு தூக்கின கல்லுன்னான். கூர்த்ங்கறது ஹைத்தி பணம், அவன் சம்பளக் கவர்ல இருக்கற 100 கூர்த் நோட்டுலயும் அதே கோட்டை. 2022 பிப்ரவரில ஏத்தினதுக்கு அப்புறம் எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸ்ல குறைந்தபட்ச நாள் கூலி 685 கூர்த்தா இருந்துச்சு, அப்படின்னா ஏழு நோட்டு கூட இல்ல. தொழிலாளிங்க கேட்டது 1,500.

இத சேத்துப் பார்த்தாத்தான் லைன்ல கத்தினா என்ன ஆகும்ங்கறது புரியும். 1791ல இந்த வடக்குச் சமவெளி கரும்புத் தோட்டத்துலதான் அடிமைங்க எந்திரிச்சாங்க, 1803 நவம்பர் 18 ஓகாப் வாசல்ல வெர்த்தியேர்ல பிரெஞ்சுப் படையை ஜெயிச்சாங்க. எங்க பஸ் தினம் ஓடுறது அந்த மண்ணு மேலதான், பார்க் இருக்கற நிலமும் 2011ல விவசாயிங்களை எழுப்பி எடுத்தது, 366 குடும்பம், அவங்க போராடி ஒரு ஒப்பந்தம் கைல வாங்க 2018 டிசம்பர் ஆச்சு. அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தன் நின்னுட்டு சீக்கிரம், சீக்கிரம்னு தலைக்கு மேல கத்தினா அந்த லைனே மெஷினை நிறுத்திட்டு கையைக் கட்டி உக்காரும். நான் கண்ணால பார்த்தேன். காலைல வந்து ஒவ்வொருத்தருக்கும் போன்ழூன்னு வணக்கம் சொல்லி, குனிஞ்சு தையல் எங்க இழுக்குதுன்னு காட்டினா அதே லைன் பாடிக்கிட்டே தைக்கும்.

ஆரம்பத்துல 65,000 பேருக்கு வேலைன்னு சொன்ன பார்க், அந்தக் கணக்குக்குப் பக்கத்துலயே வரல. ஆர்டர் குறையிறப்போ லைன் லைனா மூடினாங்க. அந்த ஓவர்லாக் ஆபரேட்டருக்கும் வேலை போச்சு, இப்ப த்ரூ-டு-நோர்ல வீட்டு வாசல்ல மெஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறாங்க, அங்க ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு கலர், செப்டம்பர் முன்னாடி வேலை குவியும். போன தடவை வாட்ஸ்அப்ல காலர் போட்டோ அனுப்பி, காலர் முனை கூர்மையா வரமாட்டேங்குது மிஸ்யே (சார்), என்ன பண்றதுன்னு கேட்டாங்க. மூலைல ஒரு தையல் குறுக்கால போட்டு, துணியை ஒட்ட வெட்டித் திருப்பச் சொன்னேன். அத்தோட காலருக்குள்ள வைக்கிற விறைப்புத் துணி, இன்டர்லைனிங், எங்க சல்லிசா கிடைக்கும்னும் கேட்டிருக்காங்க, அதுக்குத்தான் இங்க ரெண்டு சப்ளையர்கிட்ட பேசிட்டிருக்கேன்.