கூடுதல் அடித்தகடு எங்கே வேண்டும்: வெள்ளைப் பெயிண்டும் களிமண்ணும் தந்த விடை

நான்கு மாதங்களாக முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டுவந்த ஒரு விஷயம் சென்ற வாரம் ஒருவழியாகத் தீர்ந்தது. கற்கள் நிறைந்த பாதைகளில் நான் ஓட்டும் நான்கு சக்கர இயக்க வண்டியின் அடிப்பகுதி முழுவதையும் கனமான தகடுகளால் மூடத் தேவையில்லை; கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் (விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) கீழே ஒரே ஒரு தகடு போதும். அந்தத் தகடு இப்போது வெட்டி, வளைத்து, துளையிட்டுத் தயாராக இருக்கிறது. நான்கு போல்ட்டுகளில் மூன்று சரியாக இறங்கிவிட்டன, நான்காவது இன்னும் பிடிவாதம் செய்கிறது. இந்த முடிவுக்கு வந்த வழி, முடிவைவிட மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

தொழிற்சாலையிலிருந்து வரும் மெல்லிய தகடு போதுமா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. முன்னால் தொடங்கி எரிபொருள் டேங்க் வரை ஐந்து தகடுகளை மாட்டியவர், அவை இல்லாமல் பாறைப் பாதையில் இறங்கவே கூடாது என்கிறார். எதையும் மாட்டாமல் பத்து ஆண்டுகள் ஓட்டியவர் எல்லாமே வீண் சுமை என்கிறார். இருவருமே தங்கள் பாதையையும் தங்கள் ஓட்டும் முறையையும் வைத்துத்தான் பேசுகிறார்கள். ஆகவே என் பாதையில் என் வண்டியின் எந்த இடம் உண்மையில் கல்லைத் தொடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

அடிப்பகுதியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, தாழ்வாக உள்ள எல்லா உலோகப் பரப்புகளிலும் வெள்ளை ஸ்பிரே பெயிண்டை மெல்லிய ஒரு பூச்சாக அடித்தேன். சைலன்சர் குழாய், ரப்பர் புஷ்கள், பிரேக் ஹோஸ்கள் ஆகியவற்றை மட்டும் காகிதத்தால் மறைத்துவிட்டேன். பிறகு வழக்கமாகப் போகும் பாதைகளில், வழக்கமான சுமையோடு, வழக்கமான டயர் காற்றழுத்தத்தில் மூன்று முறை ஓட்டினேன். தடங்களைத் தேடும் எண்ணத்தில் வேண்டுமென்றே கற்களின் மேல் ஏற்றக் கூடாது, வெள்ளையைக் காப்பாற்றும் எண்ணத்தில் கூடுதலாக ஒதுங்கவும் கூடாது. இந்தச் சோதனையின் மதிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மூன்றாம் பயணம் முடிந்ததும் வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு கீறலாகப் பார்த்தேன். மூன்று வகைத் தடங்கள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. ஊசிமுனையால் குத்தியது போன்ற சிறு புள்ளிகள் டயர் தெறிக்கவிட்ட சரளைக் கற்களால் வந்தவை. இரண்டு விரல் அகலத்தில் நீளமாக ஓடும் பட்டைகள், வண்டி கல்லின் மேல் அமர்ந்து வழுக்கியதைக் காட்டுபவை. விளிம்பு நசுங்கி உலோகமே பளிச்சிடும் குழிகள் நேரடி மோதலால் வந்தவை. ஒரு கீறலின் எந்த முனையில் பெயிண்ட் சுருண்டு குவிந்திருக்கிறதோ, அந்தப் பக்கமாகத்தான் கல் நகர்ந்து வெளியேறியிருக்கிறது. ஆகவே அது முன்னோக்கிப் போகும்போது விழுந்ததா, பின்னோக்கி எடுக்கும்போது விழுந்ததா என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

முன்பக்கத் தகட்டில் புள்ளிகள் மட்டுமே இருந்தன. எரிபொருள் டேங்கின் காப்புத் தகட்டில் பின்னோக்கி எடுத்தபோது விழுந்த ஒரே ஒரு சிறு கீறல். பின் ஷாக் அப்சார்பரின் கீழ் பிராக்கெட்டில் இரண்டு குழிகள். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் மட்டும் ஏழு நீளப் பட்டைகள், அவற்றில் மிக நீளமானது 210 மி.மீ. சட்டத்தைத் தாண்டி, டிரான்ஸ்பர் கேஸின் வார்ப்பு உறையிலும் ஒரு பட்டை முடிந்திருந்தது. அந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. வார்ப்பு அலுமினியம் இரும்புத் தகட்டைப் போல நசுங்கி விட்டுக்கொடுக்காது. அடி பலமாக விழுந்தால் விரிசல் விட்டுவிடும்.

ஆயில் சம்ப்பை, அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, மூடாமல் விடுவது சரிதானா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். ஏனென்றால் தடம் இல்லாத இடத்தில் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அழுத்திச் செய்த இரும்புச் சம்ப் நசுங்கினால் வெளியே ஆயில் ஒரு சொட்டும் கசியாமலே எஞ்சின் கெட்டுப்போகலாம். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் சம்ப்பின் தரைக்குச் சில மில்லிமீட்டர் மேலே மட்டுமே இருப்பதால், உள்ளே எழும்பிய ஒரு மேடு அந்த வாயையே அடைத்துவிடும். ஆகவே முன் குறுக்குச் சட்டத்துக்கும் கியர்பாக்ஸ் சட்டத்துக்கும் இடையே ஒரு நேரான மரச்சட்டத்தை வைத்து அளந்தேன். சம்ப்பின் அடிப்பரப்பு அந்தக் கோட்டுக்கு 60 மி.மீ. மேலே இருந்தது. தொழிற்சாலைத் தகடு அந்த இடைவெளியின் பாதியில் குறுக்கே நிற்கிறது. என் பாதையில் உள்ளவை உருண்டையான பெரிய கற்கள். கூர்மையாக உடைந்த பாறைகள் நிறைந்த பாதைக்கு மாறினால், இதே அளவுகளை வைத்துக்கொண்டே சம்ப்புக்கும் தகடு வேண்டும் என்று முடிவு செய்வேன்.

அடுத்தது எந்த உலோகம் என்ற கேள்வி. எனக்குத் தேவையான தகட்டின் அளவு 700க்கு 600 மி.மீ. அதை 6 மி.மீ. அலுமினியத்தில் செய்தால் எடை சுமார் 6.8 கிலோ, 4 மி.மீ. இரும்பில் செய்தால் சுமார் 13.2 கிலோ. வளைவைத் தாங்கும் விறைப்பு தடிமனின் மும்மடியோடு (தடிமன் × தடிமன் × தடிமன்) கூடுவதால், பாதி எடையுள்ள அந்த அலுமினியம் இரும்பைவிடச் சற்றுக் கூடுதல் விறைப்பாகவே இருக்கும். கணக்கு மட்டும் பார்த்தால் அலுமினியம்தான் வெல்ல வேண்டும். ஆனால் அலுமினியம் மென்மையானது, கல் அதைச் செதுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரும்பு வழுக்கிக்கொண்டு போகும். என் சட்டத்தில் விழுந்திருந்த ஏழு தடங்களும் வழுக்கிய தடங்களே என்பதால் தயங்காமல் இரும்பைத் தேர்ந்தெடுத்தேன். குழிகள் விழுந்திருந்தால் யோசித்திருப்பேன். இரும்புக்கு உள்ள குறை துரு. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அடிப்பக்கத்துப் பெயிண்ட் போய்விடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இதைச் செய்கிறேன்.

ஆயத்தத் தகடு விற்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தடிமனைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எந்த வகை உலோகம், கியர்பாக்ஸிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், ஆயில் மாற்றும்போது தகட்டைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டால் பதில் வருவதில்லை. நான் விசாரித்த ஒரு தகட்டில் போல்ட் தலைகள் கீழே துருத்திக்கொண்டு நின்றன. இரண்டு முறை கல்லில் உராய்ந்தால் ஸ்பேனர் பிடிக்க அங்கே எதுவும் மிஞ்சாது. வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, என்னை மிகவும் படுத்திய இடைவெளிக் கணக்கு. அட்டையில் மாதிரி செய்து மாட்டிப் பார்த்தபோது கியர்பாக்ஸின் அடிக்கும் தகட்டுக்கும் இடையே 18 மி.மீ. இருந்தது, போதும் என்றே நினைத்தேன். ஆனால் அந்த அளவு வண்டி அசையாமல் நிற்கும்போது எடுத்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டுகளில் தொங்குகின்றன. முதல் கியர் 4 மடங்கும், லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் டிரான்ஸ்பர் கேஸின் தாழ்நிலை) 2.5 மடங்கும் பெருக்கினால், வெளியே போகும் முறுக்குவிசை எஞ்சினுடையதைப் போல 10 மடங்கு ஆகிறது. அதற்கு எதிரான முறுக்கை அந்த ரப்பர்கள்தான் தாங்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் அவை எவ்வளவு அமுங்கும் என்பதைத் தரையில் படுத்துக்கொண்டு அளக்க வழியில்லை.

இதற்குக் கைகொடுத்தது, எண்ணெய் கலந்த, காயாத களிமண். இரும்புத் தகட்டைத் தற்காலிகமாக மாட்டும் முன், அதன் மேற்பரப்பில் எட்டு இடங்களில் 30 மி.மீ. உயரக் கூம்புகளாகக் களிமண்ணை வைத்து, கியர்பாக்ஸில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டேன். பிறகு லோ ரேஞ்சில் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன், பின்னோக்கியும் ஏறினேன். தகட்டைக் கழற்றி, கூம்புகளைக் கத்தியால் குறுக்கே வெட்டி வெர்னியரால் அளந்தபோது, இடப்பக்கம் 15 மி.மீ. இருந்தது, வலப்பக்கத்தின் பின் மூலையில் வெறும் 7 மி.மீ. கல்லில் அமர்ந்து தகடு மேல்நோக்கி வளைந்தால் அந்த 7 மி.மீ. ஒரு கணத்தில் தீர்ந்துவிடும். கியர்பாக்ஸைக் காப்பாற்ற மாட்டிய தகடே அதை இடித்திருக்கும்.

ஆகவே சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையே 6 மி.மீ. ஸ்பேசர்கள் (இடைவெளி வளையங்கள்) வைத்துத் தகட்டைத் தாழ்த்தினேன். இதற்கு விலை உண்டு. சட்டம் தரையிலிருந்து 225 மி.மீ. உயரத்தில் இருந்தது, தகடும் ஸ்பேசரும் சேர்ந்து அதை 215 ஆக்குகின்றன. 2,750 மி.மீ. சக்கர இடைவெளியுள்ள என் வண்டியில் மேட்டைக் கடக்கும் கோணம் (வண்டியின் நடு அடிப்பகுதி தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் சரிவு) 18.6 டிகிரியிலிருந்து 17.8 டிகிரியாகக் குறைகிறது. காப்புத் தகடு மாட்டிய பிறகு முன்பைவிடச் சற்று அதிகமாகவே தட்டும் என்பதை எல்லோரும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சைலன்சர் செல்லும் பக்கத்தில் தகட்டை அகலமாக வெட்டி விட்டேன். சூடான குழாய்க்கு அருகே காய்ந்த புல் தேங்கினால் தீப்பிடிக்கும். சேறு வடிய நான்கு துளைகளும், டிரெய்ன் பிளக்குக்கு (பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் அடைப்பான்) நேரே ஒரு திறப்பும் இருக்கின்றன. தகட்டின் முன்விளிம்பை மேல்நோக்கி வளைத்தாயிற்று. பின்விளிம்பையும் சற்று வளைக்க வேண்டும் என்று டேங்கின் அந்த ஒற்றைக் கீறல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பின்னோக்கி எடுக்கும்போது முதலில் கல்லைச் சந்திப்பது அந்த விளிம்புதான்.

ஷாக் அப்சார்பர் பிராக்கெட்டுகளுக்குச் சிறிய சறுக்குத் தகடுகள் செய்வது அடுத்த திட்டம், அவற்றுக்கான அட்டை மாதிரிகள்கூட வெட்டியாகிவிட்டன. ஆனால் அதற்கு முன் இந்த நான்காவது போல்ட்டை முடித்தாக வேண்டும். சேஸிஸ் பெட்டிச் சட்டத்தின் உள்ளே வெல்டு செய்திருந்த எம்10 நட், துருவால் பிடிப்பு விட்டு, போல்ட்டைத் திருப்பத் திருப்பத் தானும் சேர்ந்து சுற்றுகிறது. சட்டத்தில் புதிதாக ஓட்டை போட எனக்கு மனம் வரவில்லை. நீர் வடிவதற்காக ஏற்கெனவே உள்ள நீள்வட்டத் துளை வழியாக நுழையும்படி, 5 மி.மீ. பட்டை இரும்பில் புதிய நட்டை வெல்டு செய்து வைத்திருக்கிறேன். வெல்டிங் பொறிகள் மரையில் ஒட்டிக்கொண்டதால் போல்ட் பாதியில் இறுகுகிறது. நாளைக் காலை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்து, பட்டையை உள்ளே நுழைத்து, நான்கு போல்ட்டுகளையும் 45 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும்.