முட்டம் பாறைகளுக்கு மேல் தென்சிலுவை

குமரி மாவட்டத்தில் இருள் எளிதில் கிடைக்கும் பொருளன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் இந்த மண்ணில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கிடக்கின்றன. நாகர்கோவிலின் வெளிச்சம் வடக்கு வானத்தின் பாதியை வெளுக்கச் செய்துவிடுகிறது. இருந்தும் இரவு வானத்தைப் படமெடுக்க இந்த மாவட்டத்தையே நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதற்குத் தெற்கே கடலைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதுதான்.

குமரி முனை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஆகவே துருவ மீன் இங்கே வடக்கு அடிவானத்துக்கு மேல் 8 டிகிரி உயரத்தில், தென்னைகளுக்குள் மறைந்துவிடும் அளவுக்குத் தாழ்ந்து கிடக்கும். அதற்கு ஈடாகத் தெற்கு வானம் நமக்குக் கூடுதலாகத் திறக்கிறது. தென்சிலுவை என்னும் சிலுவை வடிவ விண்மீன் கூட்டத்தின் அடிமீன் சென்னையில் உச்சத்தில் 14 டிகிரி ஏறும், இங்கே 19 டிகிரி ஏறும், டெல்லியிலோ அது அடிவானத்தைத் தாண்டுவதே இல்லை.

கன்னியாகுமரி நகரில் வள்ளுவர் சிலையைச் சுற்றியுள்ள விளக்குகளும், மலைப்பக்கத்தில் வனத்துறையின் இரவுக் கட்டுப்பாடுகளும் தடையாக இருப்பதால், முட்டம் கடற்கரைப் பாறைகளே பொருத்தமாகத் தோன்றின. காலம், மாசி மாதத்து அமாவாசை. சிவராத்திரி எப்போதும் அமாவாசைக்குச் சற்று முன்னரே வருவதால், சிவராத்திரியையொட்டிப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடியே சென்று வழிபடும் சிவாலய ஓட்டக்காரர்கள் ஓட்டத்தை முடித்து வீடு திரும்பும் நாள்களில் வானமும் நிலவின்றிக் கிடைக்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சாலைகளில் 'கோவிந்தா, கோபாலா' என்ற குரல் ஓய்ந்த பிறகுதான் நான் புறப்பட்டேன்.

நள்ளிரவு தாண்டிச் சென்றபோது கடலில் விசைப்படகுகளின் விளக்குகள் ஒரு வரிசையாக நின்றன. கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமாவது வேண்டும் என்பதால் சிவப்பு டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டேன். வள்ளம் இறக்க வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் பக்கம் பாறையில பாசி கெடக்கு, எறங்காதீங்க" என்று எச்சரித்தார். முட்டத்து அலை பகலிலேயே ஆளை இழுக்கும். எனவே நினைத்திருந்த இடத்தை விட்டு மேட்டுப் பாறையிலேயே டிரைபாடை ஊன்றினேன்.

இரண்டரை மணியளவில் தென்சிலுவை நேர் தெற்கில் நிமிர்ந்து நின்றது. அதன் இடப்புறம் ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி என்னும் இரு பிரகாசமான விண்மீன்களும் ஏறிக்கொண்டிருந்தன. சிலுவையை ஒட்டிய கோல்சாக் என்னும் கருந்தூசி மேகம் வெறும் கண்ணுக்கு ஓர் ஐயமாக மட்டுமே தெரிந்தது, கேமராத் திரையிலோ பால்வீதியில் ஓட்டை விழுந்ததுபோல் தெளிவாகப் பதிந்தது. நான்கரை மணிக்கு விருச்சிகம் தென்கிழக்கில் உயர்ந்து, கேட்டையிலிருந்து சாய்ந்துவிட்ட சிலுவை வரை பால்வீதி கடலின் மீது ஒரே வளைவாக நீண்டது. விடியலின் முதல் வெளுப்பு ஐந்தேகாலுக்கு மேல் தொடங்கிவிடும் என்பதால், எனக்கு வேண்டிய படத்துக்குக் கிடைத்த நேரம் ஒரு மணிக்கும் குறைவே.

14 மி.மீ. லென்ஸ், அதன் துளை எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200, கேமரா திறந்திருக்கும் நேரம் 20 விநாடி என்பதே நான் வைத்த அளவு. விண்மீன்கள் புள்ளியாகவே பதிய எத்தனை விநாடி திறக்கலாம் என்பதற்கு, 500-ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுக்கும் பழைய விதி 35 விநாடி வரை இடம் கொடுக்கும். ஆனால் இன்றைய நுண்மையான சென்சாரில் அவ்வளவு நேரம் திறந்தால் விண்மீன்கள் கோடாக இழுபடுகின்றன. தென்சிலுவை மட்டும் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் செல்லும் வான நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 60 டிகிரி தள்ளி இருப்பதால், அந்தக் கோட்டிலுள்ள மீன்களைப் போல் பாதி வேகத்தில்தான் அது படத்தில் நகர்கிறது. பாறைகளைக் குறைந்த ஐஎஸ்ஓவில் சில நிமிடங்கள் திறந்து தனியாக எடுத்து, பின்னர் இணைத்தேன். இப்படி இணைப்பதை ஏமாற்று என்பாரும் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே இரவில், டிரைபாடை அசைக்காமல் எடுத்தவை என்றால் எனக்கு அதில் உறுத்தல் இல்லை. நீலமும் ஊதாவும் அள்ளிப் பூசிய பால்வீதிதான் எனக்கு ஒவ்வாதது.

தொல்லைகள் இரண்டு. கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றை ஈரக்காற்றில் பட்டுப் படத்தில் பட்டையாக விழுந்ததால், பாறையின் மறைவுக்கு நகர வேண்டியிருந்தது. மற்றொன்று உப்புத் துகள். 19 டிகிரி உயரத்திலுள்ள ஒரு மீனின் ஒளி, தலைக்கு நேர் மேலுள்ளதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதில் கடல் மூட்டமும் சேர்ந்தால் சிலுவை மங்கிவிடும். அன்று பின்னிரவில் கரைக்காற்று கடலை நோக்கித் திரும்பியதும் அடிவானம் தெளிந்தது.

மே மாத நடுவில் இதே சிலுவை இரவு ஒன்பது மணிக்கெல்லாம் உச்சத்துக்கு வந்துவிடும், உறக்கத்தைக் கெடுக்கத் தேவையில்லை. ஆனால் அப்போது கோடை மழையும், அதன் பின்னாலேயே தென்மேற்குப் பருவமழையின் மேகங்களும் தெற்கு வானத்தை அடைத்துக்கொள்கின்றன. ஆகவே மாசி, பங்குனி அமாவாசைகளின் பின்னிரவையே நான் நம்புகிறேன்.