சதவீதம் கிடக்கட்டும், எது ஒத்துப்போகிறது?

ஒரு கட்டுரை வேறெங்கிருந்தாவது திருடப்பட்டதா என்று மென்பொருள் பார்த்துத் தரும் ஒப்புமை அறிக்கை வந்ததும் எல்லார் கண்ணும் சதவீதத்துக்குத்தான் போகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆய்வேட்டில் 10% வரை தண்டனை இல்லை. 40% வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60% வரை ஓராண்டுத் தடை, அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. மேற்கோள்களைக் கழிக்காமல் ஓட்டினால் யோக்கியமான ஆய்வேடும் 30% காட்டும். அப்பட்டமான திருட்டு 8 சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும்.

எழுத்தில் தடயம் தேடும் தடயவியல் மொழியியல்காரர்கள் தேடுவது, ஒப்பிடும் இரண்டு கட்டுரைகளில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒருமுறை வந்து, இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் சொற்களை. ஏரிப் பாசனம் பற்றிய இரண்டு கட்டுரைகளிலும் 'மதகு', 'கண்மாய்' இருப்பதில் ஒன்றுமில்லை. இரண்டிலும் ஒரே இடத்தில் 'ஒப்புக்குச் சப்பாணி' வந்தால் நிமிர்ந்து உட்காரலாம். 1997இல் தடயவியல் மொழியியலாளர் அலிசன் ஜான்சன் மூன்று மாணவர் கட்டுரைகளை ஒப்பிட்டபோது இத்தகைய சொற்களையும் கணக்கில் எடுத்தார். பிழைகளுக்கும் இதே கணக்குதான். 'முயற்ச்சி' என்று ஊரே எழுதுகிறது, அது சாட்சியாகாது. இருவரும் ஒரே தவறான பக்க எண்ணைக் கொடுத்திருந்தால் ஆகும்.

யார் யாரைப் பார்த்து எழுதினார்? ஒட்டிய இடத்தின் தையலைப் பாருங்கள். ஒருவர் 'பஞ்சத்தில் கண்மாய்கள் மேடிட்டன. இவற்றைத் தூர்வார ஆளில்லை' என்கிறார். மற்றவரிடம் இரண்டாவது வாக்கியம் மட்டும் இருக்கிறது. 'இவற்றை' என்றால் எவற்றை? அந்தரத்தில் தொங்கும் சுட்டுச்சொல் பெரும்பாலும் நகலில்தான் இருக்கும்.

தற்செயலாக ஒத்துப்போகும் தொடர் என்று அதே மானியக் குழு விதிமுறை 14 சொல் வரை விட்டுவிடுகிறது. தமிழுக்கு இது தாராளம். 'தூர்வாரிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது ஒரே சொல், ஆங்கிலத்தில் ஐந்தாறு ஆகும். அப்படிப் பதினான்கு என்றால் ஏறக்குறைய ஒரு பத்தி!

இன்னொரு ஓட்டை எழுத்துரு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே. யூனிகோடு மூலத்தோடு ஒப்பிட்டால் மென்பொருள் பூஜ்யம் காட்டும், ஆகவே முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாத மூலக்கோப்பையும் பத்திரமாக வையுங்கள், அதிலும் தடயம் உண்டு. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கட்டுரை முழுக்க ஒன்றாக இருந்து, நடுவில் இரண்டு பத்தியில் மட்டும் பிரிந்து கிடந்தால், அந்த இரண்டும் எங்கிருந்து ஒட்டப்பட்டவை என்று மாணவரிடம் கேளுங்கள்.