தோடு மட்டும் தெளிவு

"தோடு பிரமாதமா வந்திருக்கு" என்றார்.

நான் எடுத்த முதல் போர்ட்ரெய்ட். அக்காவின் முகம். படம் எடுப்பதில் பழுத்த நண்பர் ஒருவரிடம் இன்று பெருமையாகக் காட்டினேன்.

கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் லேப்டாப்பில் பெரிதாக்கினார். தோட்டில் இருக்கும் கற்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கண்ணிமை மட்டும் பஞ்சு மாதிரி மங்கல்.

50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸின் துளையை அகலமாகத் திறந்து வைத்த நிலை), கைக்கெட்டும் தூரம். அங்கே ஃபோகஸுக்குள் நிற்கும் ஆழம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தானாம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே அதைவிட அதிக தூரம் இருக்கிறதே! பின்னணி மங்க வேண்டும் என்ற ஆசையில் அக்காவையே மங்கவைத்திருக்கிறேன்.

"எஃப் 4 வை, துளை சின்னதாகி ஆழம் கூடும். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் வை. இரண்டடி பின்னால் போ, மூக்கும் இவ்வளவு பெரிதாகத் தெரியாது."

அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்ல வேண்டுமாம். கருவிழியில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தால்தான் கண்ணுக்கு உயிர்.

நேற்று இதே படத்துக்கு நாற்பது பேர் 'சூப்பர்' போட்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கண்ணைப் பார்க்கவில்லை போல. நானும்தான்.

மறுபடி எடுக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"எதுக்கு? தோடு நல்லா தெரியுதே" என்று அதையே டிபியாக வைத்துவிட்டாள்.